எட்டுக்குப் பயந்த பேராண்டி

வாடே, வா. வண்டிய வேப்பமர நெழல்ல நிப்பாட்டு. புது வண்டி எடுத்திருக்கான்னு ஊரே பேசுது, எடுத்தவன் மூஞ்சி மட்டும் எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு. என்ன, பெட்ரோல் வெலையக் கேட்டுட்டியா?

நம்பரா? நம்பருக்கு என்ன கொறை? 4481. பாக்க நல்லா வாட்டசாட்டமாத்தானே இருக்கு.

ஓகோ, கூட்டினா எட்டு வருதாக்கும். நாலும் நாலும் எட்டு, இன்னொரு எட்டு பதினாறு, கடைசி ஒண்ணு பதினேழு, ஒண்ணும் ஏழும் எட்டு. எட்டுன்னா சனி. அவரு பின் சீட்டுல ஏறி உக்காந்துக்கிடுவாரு, இறங்க மாட்டாரு. டவுன்ல ஒரு எண் ஜோசியரு சொல்லிட்டாரு. அதனால துட்டு கட்டி ஆறு வர்ற மாதிரி நம்பர் வாங்கணும், கூடவே உம் பேருல ஒரு எழுத்தையும் சேத்துக்கிடணும். சரிதான்லே. இஞ்சினியர் படிச்ச புள்ள சொன்னாக் கேட்டுக்கிட வேண்டியதுதான். நான் என்ன, எட்டாங்கிளாஸ். அட, அதுலயும் எட்டு! இப்பல்ல தெரியுது, நான் ஏன் உருப்படாமப் போனேன்னு.

இருந்தாலும் ரைஸ் மில்லுல நாப்பது வருஷம் கணக்கு எழுதினவன் ஒண்ணு கேக்கேன். அந்த எட்டு எங்கருந்து வந்துதுன்னு ஜோசியரு சொன்னாரா? சொல்லிருக்க மாட்டாரு. சொன்னா ஃபீஸ் கேக்க முடியாதுல்லா.

பத்து மூடை நெல்லு இருக்குன்னு வையி. லாரிக்கு ஒன்பது ஒன்பதா ஏத்துதோம். ஒண்ணு மிஞ்சும். நூறு மூடைன்னா 99 ஏறிரும், ஒண்ணு மிஞ்சும். ஆயிரம்னா 999 ஏறிரும், அப்பவும் ஒண்ணுதான். அப்ப 4481 மூடை வந்தா? நாலு ஆயிரத்துக்கு நாலு மூடை, நாலு நூறுக்கு நாலு, எட்டு பத்துக்கு எட்டு, கடைசியில ஒண்ணு. பதினேழு மூடை மிச்சம். அதுல இன்னொரு ஒன்பத ஏத்தி விட்டா எட்டு மூடை தரையில கெடக்கும். அம்புட்டுதாம்ல உன் சனி. லாரியில எடம் இல்லாமக் கெடக்க எட்டு மூடை. மனுசன் ஒன்பதால வகுத்து மீதியச் சொல்லியிருக்காரு. எங்கிட்ட வந்திருந்தா ஒரு டீயோட முடிஞ்சிருக்கும்.

அந்த மீதிக்கு ஒரு உபயோகம் உண்டு, இல்லன்னு சொல்லல. மில்லுல பெரிய பெருக்கல் போட்டா, ஒன்பதத் தள்ளித்தான் சரி பாப்போம். பெருக்குற ரெண்டு எண்ணையும் கூட்டி ஒத்தை எண்ணாக்கு, அது ரெண்டையும் பெருக்கி அதையும் ஒத்தை எண்ணாக்கு. பெரிய பெருக்கலோட விடையக் கூட்டினாலும் அதே எண் வரணும். வரலன்னா எங்கியோ கை தப்பியிருக்கு. தப்பைக் கண்டுபிடிக்க வச்சிருந்த கருவியத் தூக்கிட்டுப் போயி தலையெழுத்தைக் கண்டுபிடிக்கானுக. கெடக்கட்டும்.

உனக்கு ஆறுதானே வேணும்? சுக்கிரன்? எங்கிட்ட ஒரு ஆறு இருக்கு, தாரேன். வண்டி போர்டு பத்தாது, பக்கவாட்டுல ஏணி கட்டித்தான் எழுதணும்: 18446744073709551615. இருபது இலக்கம். கூட்டு. 87. எட்டும் ஏழும் 15. ஒண்ணும் அஞ்சும் ஆறு. வெளுத்த சுக்கிரன்!

இது என்ன எண்ணுன்னு தெரியுதா? சதுரங்கப் பலகைக் கதை கேட்டிருப்பியே. மொத கட்டத்துல ஒரு நெல்லு, ரெண்டாவதுல ரெண்டு, மூணாவதுல நாலுன்னு இரட்டிச்சுக்கிட்டே 64 கட்டத்துக்கும் கொடுங்கன்னு ராசாகிட்டக் கேட்ட சூட்டிகையான ஆளு. இபின் கல்லிகான்னு ஒரு அரபு எழுத்தாளர் 13-ஆம் நூற்றாண்டுலயே எழுதி வச்சிருக்காரு. அவரு கதையில கோதுமை, நம்ம வாயில விழுந்ததும் நெல்லாப் போச்சு. அந்த மொத்தக் கணக்குதான் இந்த எண். அரிசியாவே கொடுத்தாலும், கிராமுக்கு 40 அரிசின்னு வச்சா, 46,000 கோடி டன்னைத் தாண்டுது. உலகம் பூரா ஒரு வருஷத்துல கிடைக்கிற அரிசி 50 கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேல. எண்ணூறு வருஷத்துக்கு மேல ஒருத்தனும் சோறு திங்காமச் சேத்து வைக்கணும்.

கதை சொல்லுதவுக எல்லாரும் ராசா வாயப் பொளந்தாருங்கறதோட நிறுத்திருவாக. நான் மில்லுக்காரன். பெரிசுங்கறதுக்காக வாயப் பொளக்க மாட்டேன், அளந்து பாப்பேன். அந்தக் காலத்து அளவுல 360 நெல்லு ஒரு செவிடு. அஞ்சு செவிடு ஒரு ஆழாக்கு, எட்டு ஆழாக்கு ஒரு நாழி. ராசாவோட குவியலைச் செவிடு செவிடா அளந்தா கடைசியில எத்தனை நெல்லு மிஞ்சும் தெரியுமா? பதினஞ்சு. கோழிக்குக் கூடக் காணாது.

பங்கு வச்சும் பாத்தேன். ரெண்டு பேருக்குப் பிரிச்சா ஒரு நெல்லு மிஞ்சி வெட்டுக்குத்தாயிரும். மூணு பேருக்குச் சரியாப் போகும். நாலு பேருக்கு மூணு மிஞ்சும். அஞ்சு பேருக்குச் சரி. ஏழு பேருன்னா திரும்பவும் ஒண்ணு மிஞ்சும். பதினேழு பேருக்கு, ஆச்சரியம் பாரு, ஒரு மணி கூட மிஞ்சாது. இந்தப் பதினேழு எங்க இருந்து மொளைச்சுதுன்னு எனக்கு ராத்திரி தூக்கமே வரலடே.

மறுநாள் திண்ணையில சாக்பீஸால 64 கட்டம் போட்டேன். உங்க ஆச்சி சேத்து வச்சிருந்த புளியங்கொட்டையைக் கேக்காம எடுத்துக்கிட்டேன். இப்படிக் குனிஞ்சு பாரு, இன்னும் கோடு அழியல.

மொத ரெண்டு கட்டத்துல ஒண்ணும் ரெண்டும் மூணு கொட்டை. அடுத்த ரெண்டுல நாலும் எட்டும். மொத ரெண்டோட சரியா நாலு மடங்கு. ஆக, நாலு கட்டத்துலயும் சேத்து மூணு ஒரு தடவை, மூணு இன்னும் நாலு தடவை. மூவஞ்சு பதினஞ்சு. அதுக்கடுத்த நாலு கட்டம், 16, 32, 64, 128. முந்தின நாலோட பதினாறு மடங்கு. அப்ப பதினஞ்சு ஒரு தடவை, பதினஞ்சு இன்னும் பதினாறு தடவை. மொத்தம் பதினேழு தடவை. வந்துட்டாம்ல பதினேழு! 255 கொட்டை. மொத வரிசை முடிஞ்சது, ஆச்சியோட டப்பாவும் முடிஞ்சது.

மீதிக்குக் கொட்டை வேண்டாம், வழி தெரிஞ்சு போச்சு. ரெண்டாவது வரிசை மொத வரிசையோட 256 மடங்கு, அதனால 255-ஐ 257-ஆல பெருக்கு. அந்த ரெண்டு வரிசையையும் பாத்து அடுத்த ரெண்டு வரிசை 65536 மடங்கு, அதனால 65537-ஆல பெருக்கு. மேல்பாதிப் பலகை கீழ்பாதியோட 4294967296 மடங்கு, ஒண்ணு கூட்டி அதாலயும் பெருக்கு. ஆக ராசா கண்ணு முழி பிதுங்கின எண்ணுக்குள்ள என்ன இருந்துது? 3, 5, 17, 257, 65537, 4294967297. ஆறே ஆறு எண்ணு. பலகையப் பாதி பாதியா மடிச்சா உதிருது.

இத எதுத்த வீட்டு கணக்கு டீச்சர்கிட்ட பெருமையாச் சொன்னேன். அந்தம்மா சிரிச்சுட்டு, “தாத்தா, நீங்க ஃபெர்மா வீட்டு வாசல்ல போயி நிக்கீங்க”ன்னாக. அன்னைக்குப் பிடிச்ச கிறுக்குதான். நாலு புஸ்தகம் கொடுத்தாக, இங்கிலீசுல இருக்கத வாசிச்சும் சொன்னாக.

ஃபெர்மா பிரான்சு தேசத்து ஆளு. துலூஸ்ங்கிற ஊருல கோர்ட்டு உத்தியோகம். கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு, நமக்குச் சீட்டு மாதிரி. 1640-ல இந்த வரிசையப் பிடிச்சாரு. 3 பகா எண், 5 பகா எண், 17, 257, 65537 எல்லாமே வேற எதாலயும் வகுபடாத பகா எண். அஞ்சு பிள்ளையும் தங்கமா இருக்கவும், ஆறாவதும் தங்கந்தான், இனிமேப் பொறக்கப் போற அத்தனையும் தங்கந்தான்னு கடுதாசி எழுதிட்டாரு. நிரூபணம் கையில இல்லன்னும் ஒத்துக்கிட்டாரு, அந்த நேர்மை உண்டு. ஆனா நம்பிக்கை மலையாட்டம் இருந்திருக்கு. அஞ்சு பேரப் பாத்துட்டு வம்சத்துக்கே நற்சான்று கொடுக்கற வேலைய நம்ம ஊரு கல்யாணத் தரகர் கூடச் செய்ய மாட்டாரு.

தொண்ணூறு வருஷம் பெரிய மனுசன் சொன்னதுன்னு கெடந்துது. 1729-ல கோல்ட்பாக்ங்கிறவரு ஆய்லர்ங்கிற கணக்குக்காரருக்கு ஒரு கடுதாசியில இதக் கிளறி விட்டாரு. ஆய்லருக்கு அப்ப உன்னை விடச் சின்ன வயசு, ரஷ்யாவுல பீட்டர்ஸ்பர்க்குல வேலை. 1732-ல, 25 வயசுல, போட்டு உடைச்சாரு. ஆறாவது பிள்ளை 4294967297 தங்கம் இல்ல, முலாம். 641-ஆல வகுபடுது. 641-ஐ 6700417-ஆல பெருக்கிப் பாரு, அச்சா வரும்.

முட்டி மோதித் தேடலடே அந்த ஆளு, அதுதான் அழகு. இந்த எண்ண எவன் வகுத்தாலும், அந்த வகுக்கிற பகா எண்ண 64-ஆல வகுத்தா ஒண்ணு மிஞ்சியாகணும்னு கண்டுக்கிட்டாரு. காரணத்தப் பிற்பாடு எழுதியும் வச்சாரு. அந்த ஜாடை உள்ள பகா எண்ண வரிசையா நிறுத்து. 193. இல்ல. 257. இல்ல. 449. இல்ல. 577. இல்ல. 641. ஆங்! அஞ்சாவது கதவத் தட்டினதும் திருடன் “யாரது”ன்னு எந்திரிச்சு வந்துட்டான். ஃபெர்மா அந்த அஞ்சு தட்டு தட்டியிருந்தா மானம் கப்பலேறியிருக்காது.

ஆக, ராசாவோட நெல்லுல மொத்தம் ஏழு பகா எண்ணு: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவை. இந்த ஏழுல எதச் சேப்பே, எத விடுவேங்கறதுல 128 தினுசு இருக்கு. அப்ப மிச்சமில்லாமப் பங்கு பிரிக்க 128 வழி. இத்தனைலயும் ரெட்டைப்படை ஒண்ணு கெடையாது. புருசனும் பொண்டாட்டியும் மட்டும் இருக்க வீட்டுக்கு இந்த நெல்லு ஆகாது.

இப்பக் கூப்பிடுலே உன் ஜோசியர. ஃபெர்மா வரிசையக் கூட்டுவோம். 3, அது குரு. 5, அது புதன். 17 கூட்டினா எட்டு, சனி. 257 பதினாலு, அஞ்சு, திரும்பவும் புதன். 65537 இருபத்தாறு, எட்டு, சனி. 4294967297 கூட்டினா 59, பதினாலு, அஞ்சு. புதன். அடுத்தது எட்டு. அதுக்கடுத்தது அஞ்சு. கடைசி வரைக்கும் புதன், சனி, புதன், சனின்னு செக்கு மாடு மாதிரி சுத்தும். ஏன்னு கேளு. ஒவ்வொரு எண்ணுலயும் ஒண்ணக் கழிச்சு, தன்னாலயே பெருக்கி, திரும்ப ஒண்ணு கூட்டினா அடுத்த எண். அஞ்சுல ஒண்ணு போனா நாலு, நானாங்கு பதினாறு, ஒண்ணு கூட்டு, பதினேழு, எட்டு. எட்டுல ஒண்ணு போனா ஏழு, ஏழேழு நாப்பத்தொம்பது, ஒண்ணு கூட்டு, அம்பது, அஞ்சு. கிரகத்துக்கு வேற போக்கிடம் இல்ல.

257-ம் புதன், 4294967297-ம் புதன். ஒருத்தன் பகா எண், இன்னொருத்தன் ரெண்டா உடைஞ்சவன். இவன் உடைவான், அவன் உடைய மாட்டான்னு புதன் வந்து சொன்னாரா? வாயத் தொறக்கலையே. உடைக்கப் போனவனுக்குத்தானே தெரிஞ்சுது?

சனி கதையும் கேளு. 17, உனக்குப் பிடிக்காத எட்டு. 1796-ல காஸ்ங்கிற ஜெர்மன்காரப் பையன், பத்தொன்பது நெறையல, வெறும் அளவுகோலும் கவராயமும் வச்சு 17 பக்கம் உள்ள உருவத்தச் சரியா வரையலாம்னு காட்டினான். ரெண்டாயிரம் வருஷமா ஒருத்தனும் தொடாத கணக்கு. உங்க சனி பகவான் அவன் தலையில ஏறல, மடியில உக்காந்து கொஞ்சியிருக்காரு. 65537, அதுவும் எட்டு. அத்தனை பக்கத்துக்கு எப்படி வரையறதுன்னு ஹெர்மஸ்னு ஒருத்தரு பத்து வருஷம் எழுதி 1894-ல முடிச்சாரு. அந்தக் காகிதக் கட்டு கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துல பத்திரமா இருக்காம். அவரத்தான் ஏழரை பிடிச்சவருன்னு சொல்லலாம், கூடவே ரெண்டரை சேத்து. அதே 65537 இப்ப உன் சட்டைப் பையிலயும் இருக்கலாம். பேங்குக்குப் போனுலயே துட்டு அனுப்புதியே, அங்க போடுத ஆர்.எஸ்.ஏ. பூட்டுல வழக்கமா வைக்கிற எண்ணு அதுதான். சனிய நம்பித்தாம்ல உன் சம்பளம் பத்திரமா வருது. ஜோசியருக்கு நீ ஃபீஸ் அனுப்பினதும் அந்த வழியாத்தான் போயிருக்கும்.

சதுரங்க எண்ணுக்குப் பக்கத்து வீட்டையும் பாத்துருவோம். ரெண்டக் கூட்டு. 18446744073709551617. கடைசி இலக்கம் மட்டும் அஞ்சு ஏழாச்சு, மத்தது அச்சு அசல். இதுவும் ஃபெர்மா பெத்த பிள்ளைதான், ஏழாவது. கூட்டினா 89, பதினேழு, எட்டு. உன் ஆறு, அந்தச் சுக்கிரன், புளியங்கொட்டையிலயே பொலபொலன்னு உதிர்ந்துட்டாரு. இந்த எட்டு லேசுல மசியல. ஆய்லர் காலம் போயி, 1880-ல பிரான்சுல லாண்ட்ரின்னு ஒருத்தரு உடைச்சு வெளியிட்டாரு. 274177 ஒரு துண்டு, 67280421310721 இன்னொரு துண்டு. அந்த ரெண்டும் மேல உடையாது.

லாண்ட்ரிக்கு அப்ப என்ன வயசு தெரியுமா? எம்பத்திரண்டு!

எனக்கு இப்ப எழுபத்தெட்டு. இந்த வயசுல என்ன கணக்கு வேண்டிக்கெடக்குன்னு உங்க ஆச்சி கரிச்சுக் கொட்டும்போது லாண்ட்ரி பேரத்தான் சொன்னேன். “அவுக வீட்டுல ரேஷன் கடைக்குப் போக வேற ஆளு இருந்திருக்கும்”னா. அதுக்கு மேல நான் பேசல. ஆனா பெருக்கிப் பாத்தேன். காலண்டர் தாளு மூணு செலவு. வந்துதான்னு ஒன்பதத் தள்ளிச் சரி பாத்தேன். 274177 ஒண்ணாச்சு, இன்னொண்ணு எட்டாச்சு, ஓரெட்டு எட்டு. சரியா வந்துது. கணக்குப்பிள்ள புத்தி, சாகுந்தட்டியும் போகாது.

ஃபெர்மா சொன்ன மாதிரி ஆறாவது தங்கம் இன்னைக்கு வரைக்கும் அகப்படல. அந்த முலாம் பூசினவனுக்கு அப்புறம் வரிசையா 27 பேர இழுத்துப் போட்டுப் பாத்துட்டாக, அத்தனை பேரும் பகு எண். அதுக்கும் அடுத்தவன் என்ன சாதின்னு கம்ப்யூட்டருக்கே தெரியல.

சரி, உன் வண்டிக்கு வருவோம். இந்தா காலண்டர் தாளு, இந்தா பென்சிலு. போன உள்ள வையிலே, கையால போடு. 4481-ஐ 2, 3, 5, 7-னு ஒவ்வொரு பகா எண்ணாலயும் வகு. 61 வரைக்கும் போதும். ஏன்னா அடுத்தது 67, அதத் தன்னாலயே பெருக்கினா 4489, உன் வண்டிய விடப் பெரிசு. சின்னது எதுவும் வகுக்கலன்னா பெரிசும் வகுக்காது. மொத்தம் பதினெட்டு கணக்கு, நீ ஃபேன்சி நம்பருக்கு அலையற நேரத்துல பாதி கூட ஆகாது.

ஏழுக்கு? 640 தடவை போயி ஒண்ணு மிச்சமா? பாத்தியா, மயிரிழையில தப்பிச்சிருக்கான். பதினொண்ணுக்கு நாலு மிச்சம். பதிமூணுக்கு ஒன்பது. போடு, போடு. நான் வெத்தலை போட்டுட்டு வாரேன்.

ஆச்சா? 59-க்கு 56 மிச்சம். 61-க்கு 73 தடவை, 28 மிச்சம். முடிஞ்சது. ஒருத்தனாலயும் பிரிக்க முடியல. பகா எண்ணுலே உன் வண்டி! இதுக்கு ஒரு பைசா கூடுதலாக் கொடுத்தியா? சும்மா வந்திருக்கு. ரெண்டு தள்ளி 4483-ம் பகா எண்தான், ரெட்டைப் பிள்ளைங்க. அந்த நம்பர் யாருக்குப் போச்சுன்னு விசாரி, பொண்ணு வீடா இருந்தா பேசி முடிச்சிருவோம்.

உடைக்க முடியாத நம்பர்னு சொன்னதும் ஹெல்மெட்டக் கழட்டிராத. உடையாதது நம்பர்தான், மண்டை இல்ல.

சரி, கெளப்பு. பின் சீட்டுல சனி உக்காந்திருக்காருன்னியே, அவரக் கொஞ்சம் நகர்ந்து உக்காரச் சொல்லு. டீக்கடை வரைக்கும் நானும் வாரேன்.